சட்டத்தில் விடுபட்ட செடி

சென்ற கல்வியாண்டில் என் வகுப்பு மாணவி ஒருவர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றைக் கையொப்பத்திற்காகக் கொண்டுவந்து நீட்டினார். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. தாயின் தொழில் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. "அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போறாங்க சார். தோட்டத் தொழிலாளின்னு எழுதவா, விவசாயக் கூலின்னு எழுதவா?" என்று கேட்டார். அவருடைய தாயார் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏலக்காய் பறிப்பவர். தோட்டத் தொழிலாளி என்று எழுதுவதில் என்ன தயக்கம் என்றேன். அப்படி எழுதினால் தோட்டத்திலிருந்து சான்று வாங்கி வரச் சொல்வார்கள், அது கிடைக்காது என்றார்.

நான் தமிழ் படித்தவன்; சட்டமோ பொருளியலோ முறையாகப் பயின்றவனல்லன். ஆயினும் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகள் செய்த வேலைக்கு அரசின் தாளில் பெயர் இல்லாமற்போனது எப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை. அதன் பின்னால் சென்று படித்தவற்றையும், அந்த ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்தவற்றையும் இங்கு எழுதிவைக்கிறேன்.

மாணவியின் ஊர் சிலமலை. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே மலைத்தொடர் சுவர்போல எழுந்து நிற்கும். அச்சுவரின் உச்சி விளிம்புதான் தமிழ்நாட்டின் எல்லை. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் முதலிய அடிவாரத்து ஊர்களில் விடியுமுன் சென்று நின்றால் ஜீப்புகளின் வரிசையைக் காணலாம். ஒவ்வொன்றிலும் அளவுக்கு மீறிய பெண்கள். மடியில் சோற்றுத் தூக்கு, கையில் மழைக்குப் பிளாஸ்டிக் தாள். போடியைச் சுற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக அப்பால் இறங்குவார்கள். மாலையில் அதே வழியில் திரும்புவார்கள். பொருள்வயிற் பிரிவு என்று நாம் வகுப்பில் நடத்துவோமே, அதில் பிரிபவன் தலைவன், மீள்வது கார்காலத்தில். இங்கே பிரிபவள் தலைவி; மீள்வது அன்றன்று மாலை. அன்றன்று மீள்வதனாலேயே இப்பிரிவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

ஏலம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. செடியைக் குறிக்கும் ஏலம் பழஞ்சொல், வடமொழியில் ஏலா. பொருளைக் கூவி விற்கும் ஏலமோ போர்த்துக்கீசியரோடு வந்திறங்கிய சொல். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இவ்விரண்டும் தமிழில் ஒரே உருவம் பெற்றுப் போடியில் வந்து சந்தித்துக்கொண்டன. ஏலம் ஏலத்துக்கு வரும் ஊர் அது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்கள் இரண்டு: எல்லைக்கு அப்பால் இடுக்கிப் பக்கத்தில் ஒன்று, இப்பால் போடியில் மற்றொன்று. 2007 முதல் கணினித் திரையில் விலை கேட்கிறார்கள். விளைவது பெரும்பாலும் கேரளத்து மண்ணில். விலை முடிவாவதில் பாதி தமிழ்நாட்டு மண்ணில். சரக்குக்கு எல்லை ஒரு தடையாக இருந்ததில்லை. அதற்கான ஏற்பாடுகளை அரசுகள் இருநூறு ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கின்றன.

திருவிதாங்கூர் மன்னராட்சியில் மிளகு, புகையிலை, உப்பு ஆகியவற்றைப் போல ஏலக்காயும் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. விளைவித்தவர் அரசுக் கிடங்குக்குக் கொடுக்க வேண்டும். அரசு ஒரு பங்கைப் பணமாகத் தரும். ஆலப்புழையில் விற்பனை நடக்கும். ஏலமலையில் வேளாண்மை செய்தோரில் பெரும்பகுதியினர் மதுரைச் சீமையிலிருந்து, குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் ஏறிச்சென்றவர்கள். மேற்கே நாட்டின் சமவெளியிலிருந்து அம்மலைக்கு ஏறுவது அக்காலத்தில் அரிது. கிழக்கேயிருந்து ஏறுவது செங்குத்தானாலும் குறுகிய வழி. எனவே அரிசியும் ஆளும் கிழக்கிலிருந்து ஏறின. ஏலம் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் இறங்கிற்று. அரசுக்கு இதில் வருத்தமில்லை. காட்டை யாரேனும் காசாக்கித் தந்தால் போதும். 1822ஆம் ஆண்டின் அரச விளம்பரம் ஒன்று ஏலமலை பற்றிய வழக்குகளில் இன்றளவும் முதல் ஆவணமாகக் காட்டப்படுகிறது. 1869இல் ஏலமலைக்கென்றே தனி மேற்பார்வை அலுவலர் நியமிக்கப்பட்டார். நூற்றாண்டின் இறுதியில் தனியுரிமை கைவிடப்பட்டு நிலவரி வந்தது.

அதே காலத்தில் வெளிவந்த 1897ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று ஏலமலைக் காப்புக்காடு எது என்று வரையறுத்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது நூறாண்டு கடந்தும் தீராத வழக்கு. முன்னால் ஓர் இரண்டு உண்டா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கரின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. இரண்டு உண்டு என்றால் இன்றைய பட்டாக்களில் பெரும்பகுதி காட்டின்மேல் எழுதப்பட்டவை. இல்லை என்றால் அவை வருவாய் நிலம். உச்ச நீதிமன்றம் வரை சென்ற இவ்வழக்கில் 2024 அக்டோபரில் புதிய பட்டாக்கள் வழங்க இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. நடைமுறையிலோ மரம் வனத்துறைக்கு, மண் வருவாய்த்துறைக்கு என்ற இரட்டை ஆட்சி. சுவடியில் ஓர் எழுத்து விடுபட்டால் பாடபேதம் என்று நாம் குறிப்பெழுதி அமைதி கொள்கிறோம். அரசேட்டில் ஓர் இலக்கம் ஐயத்துக்கிடமானால் நான்கு தலைமுறை வழக்காடுகிறது. இந்த வழக்கில் மரத்தின் நிலை பேசப்படுகிறது, நிலத்தின் நிலை பேசப்படுகிறது, உடைமையாளரின் நிலை பேசப்படுகிறது. பறிப்பவர் எந்தத் தரப்பின் மனுவிலும் வருவதில்லை.

மலைச்சரக்கு இறங்கும் வழிகளைச் செம்மைப்படுத்துவதில் வெள்ளையர் காட்டிய முனைப்பு வியப்பூட்டுவது. மூணாறு தேயிலை மேல்முகட்டு நிலையத்திலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயிற்று. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். விடுதலைக்குப் பிறகு மீண்டும் போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்ட ரயில் 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்பியது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் ஏலக்காய் வணிகம் லாரியில் ஏறிக்கொண்டது. ரயிலில் வந்துகொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள்தான் பேருந்துக்கு இரட்டைப் பணம் கொடுத்தார்கள்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது மலைமுகடு மாநில எல்லையாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 அறிக்கையில் ஏற்கவில்லை. அங்குள்ள தமிழரில் பலர் வேலைக்காக வந்துபோகும் மக்கள் என்பது ஏற்காமைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதற்குச் சற்று முன்னரே திருவிதாங்கூர்–கொச்சி அரசு உயர்மலைப் பகுதியில் குடியேற்றத் திட்டங்களைத் தொடங்கி, மேற்குச் சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு நிலம் கொடுத்திருந்தது. அவற்றுள் ஒன்று இன்றும் முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளையின் பெயரால் பட்டம் காலனி என்று வழங்குகிறது. உணவுப் பற்றாக்குறைக் காலம். நிலமற்றோருக்கு நிலம் கொடுத்தது குற்றமாகாது. இந்த எல்லைச் சண்டையில் நம் பக்கத்து மேடைகள் அரை நூற்றாண்டாகச் சூடு தணியாமல் இருக்கின்றன. ஆனால் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. வந்துபோகும் மக்கள் என்ற சொல் எல்லையை வகுக்கப் பயன்பட்டது. அப்படி வந்துபோகும் மக்களுக்கு எந்த மாநிலம் பொறுப்பு என்ற கேள்வி அப்போதும் எழவில்லை, பிறகும் எழவில்லை.

புதிய குடியரசின் முதற்கவலை அந்நியச் செலாவணி. தேயிலை, காபி, ரப்பர் ஆகியவற்றுக்கு வாரியங்கள் இருந்தன. 1965இல் ஏலக்காய்ச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1966இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. அதே 1966 ஜூனில்தான் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆயிற்று. நாடு கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்து நின்ற ஆண்டு அது. அரபு நாடுகளில் காபியோடு கலந்து குடிக்கும் இந்தச் சிறு காய் கொண்டுவரும் டாலர் அன்று பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. சாகுபடி, தரம், உரிமம், விற்பனை, ஏற்றுமதி ஒவ்வொன்றுக்கும் விதி வந்தது. ஏலக்காயை யார் வாங்கலாம், எப்படி ஏலம் நடத்தலாம், விற்றவருக்குப் பணம் எப்படிச் சேர வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமான ஒழுங்குகள். 1987இல் ஏலக்காய் வாரியம் நறுமணப் பொருள் வாரியமாக விரிந்தது. இவை நன்றாகவே வேலை செய்தன என்று சொல்வதுதான் நேர்மை. போடியின் வணிகவீதிகளும் அவ்வூர்ச் சங்கங்கள் வளர்த்த கல்விக்கூடங்களும் அந்த ஒழுங்கின்மேல் எழுந்தவை.

இப்போது விண்ணப்பத்தின் வெற்றுக் கட்டத்துக்கு வருவோம்.

1951இல் நாடாளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், கழிப்பிடம், விடுப்பு என நல்ல சட்டம். பெண்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம். தொழிலாளர் நூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் உணவகம். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் பள்ளி. ஆனால் தோட்டம் என்றால் என்ன என்று அது சொன்ன விளக்கத்தில் தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா என்ற நான்கு பயிர்களே இருந்தன. ஏலம் இல்லை. மாநில அரசு விரும்பினால் வேறு பயிர்களுக்கும் நீட்டிக்கலாம் என்று ஓர் உட்பிரிவு இருந்தது. எனினும் சட்ட வாசகத்தில் ஏலம் என்ற சொல் ஏற 1981ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள்.

நாடாளுமன்றத்துக்கு ஏலம் ஒரு தோட்டப்பயிர் என்று தெரியாமலிருந்திருக்கலாமோ என்று முதலில் நினைத்தேன். நிலவுச்சவரம்புச் சட்டங்களைப் புரட்டியபோது அந்த எண்ணம் கலைந்தது. 1961ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நிலச்சீர்திருத்தச் சட்டத்தில் உச்சவரம்பிலிருந்து விலக்கு பெறும் தோட்டங்களுக்கான விளக்கத்தில் ஏலம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத்திலும் தேயிலை, காபி, ரப்பர் ஆகியவற்றோடு ஏலம் இருக்கிறது. உடைமையாளரின் நிலத்தைக் காக்கும் இடத்தில் ஏலம் தோட்டம். தொழிலாளியின் கூரையைக் காக்கும் இடத்தில் ஏலம் தோட்டமன்று. ஒரே செடி, ஒரே பத்தாண்டு. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. ஒன்றைச் சட்டமன்றங்கள் எழுதின, மற்றொன்றை நாடாளுமன்றம் எழுதியது. ஒன்றின்போது கேட்கச் சென்றவர்கள் வேறு, மற்றொன்றின்போது கேட்கச் சென்றவர்கள் வேறு. தேயிலைக்குப் பெரிய கம்பெனிகளும், அவற்றை எதிர்த்து நின்ற பெரிய தொழிற்சங்கங்களும் இருந்தன. ஏலத்துக்கு இரண்டும் இல்லை. சட்டம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

1981இன் திருத்தம் ஏலத்தைச் சேர்த்ததோடு அளவையும் குறைத்தது. முன்பு 25 ஏக்கரும் முப்பது தொழிலாளரும். இனி ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும். தாராளம்தான். ஆனால் ஏலமலையில் பெரும்பாலான தோட்டங்கள் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான சிறு தோட்டங்கள். பெரிய தோட்டங்களிலும் கணக்கேட்டில் இருப்பவர் சிலர். ஜீப்பில் வந்திறங்குபவர் பலர். சட்டம் மனத்தில் கொண்டிருந்த தொழிலாளி தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர். அவர் குழந்தை தோட்டத்துக் காப்பகத்தில் வளரும். தோட்டத்துப் பள்ளியில் படிக்கும். சிலமலைக்காரி லயத்தில் இல்லை. அவள் குழந்தை சிலமலையில் இருக்கிறது.

ஏன் அவள் மேலே குடியேறவில்லை? இதற்குப் பதில் அடிவாரத்தில் இருக்கிறது. அது நம் மாநிலம் பெருமைப்படத்தக்க பதில் என்பதுதான் இதிலுள்ள முடிச்சு.

அரிசியிலிருந்து தொடங்கலாம். 1957இல் சென்னை, ஆந்திரம், மைசூர், கேரளம் நான்கும் சேர்ந்து ஒரே அரிசி மண்டலமாக இருந்தன. அறுபதுகளின் நடுவில் அது உடைந்து ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் நெல் தலைமுறைகளாக ஏறிய மலைப்பாதையில் சோதனைச்சாவடி முளைத்தது. நேற்றுவரை வணிகமாக இருந்தது கடத்தல் என்று பெயர் மாறியது. 1964இல் கேரளம் பங்கீட்டு முறைக்குச் சென்றது. தமிழ்நாட்டில் 1967 தேர்தலே அரிசியின் பேரில் நடந்தது. அதன் பிறகு இரு மாநிலங்களும் பசியை எதிர்த்து நிகழ்த்தியவை உலகப் பொருளியலாளர் பலரும் எடுத்துக்காட்டுபவை. நம் பக்கத்தில் 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2008இல் ஒரு ரூபாய் அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி, 2022இல் தொடங்கிய காலை உணவு. ஐந்து மணிக்கு ஜீப்பு ஏறும் தாய்க்குப் பள்ளியில் பிள்ளைக்கு உப்புமா கிடைக்கும் என்பது என்ன பொருள் தரும் என்று நகரத்திலிருந்து எழுதுபவர்களுக்கு எளிதில் விளங்காது. முன்பு மூத்த பெண்பிள்ளை பள்ளியை விட்டு நின்று இளையதுகளுக்கு ஆக்கிப் போட்டாள். என் மாணவி அப்படி நிற்காமல் கல்லூரிவரை வந்ததில் இத்திட்டங்களுக்குப் பங்குண்டு.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அரிசி அட்டை சிலமலையில், அங்கன்வாடி சிலமலையில், பள்ளி சிலமலையில், பேறுகால உதவி சிலமலையில். எனவே வீடு சிலமலையில். ஆகவே முகட்டுக்கு அப்பாலுள்ள தோட்டத்துக்கு லயம் வேண்டியதில்லை, காப்பகம் வேண்டியதில்லை, பள்ளி வேண்டியதில்லை. ஒரு தொழிலாளியை வளர்த்து, உண்பித்து, நோய் தீர்த்து, மறுநாள் காலை வேலைக்கு அனுப்புவது வரையிலான செலவைத் தமிழ்நாட்டு அரசும் அவள் குடும்பமும் ஏற்கின்றன. அவள் கைவேகத்தின் பயன் மலைமேல் கிடைக்கிறது. சத்துணவுக்கூடம் ஏலத்தோட்டத்தின் குழந்தைக் காப்பகமாகிவிட்டது. எந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலும் இந்த மானியம் எழுதப்படுவதில்லை. இதைத் தமிழர்–மலையாளி வழக்காகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தோட்ட உடைமையாளர்களில் போடி, கம்பம் பக்கத்துத் தமிழரும் கணிசமாக உண்டு.

கேரளத்துக் கூலி நம் பக்கத்துக் கூலியைவிட அதிகம் என்பதே அவளை மலையேற்றுகிறது. ஊரக வேலை உறுதித் திட்டம் 2008 ஏப்ரலில் தேனி மாவட்டத்துக்கு வந்தபோது மலைக்கு ஆள் போகாது என்று அஞ்சினார்கள். வயதானவர்களும் முழங்கால் தேய்ந்தவர்களும் ஊரில் நின்றார்கள். மற்றவர்கள் ஜீப்பு ஏறினார்கள். ஏலம் பறிப்பது நின்று செய்யும் வேலையன்று. காய் செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் கொத்துகளில் இருக்கும். குனிந்தும் குந்தியும் நகர வேண்டும். முற்றிய காயை மட்டும் விரல் தெரிந்து எடுக்க வேண்டும். மழையிலும் அட்டைக்கடியிலும், சில நாட்களுக்கு முன் மருந்தடித்த செடிகளுக்கிடையிலும். இடுக்கியின் உழவர் ஒருவர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி வகை பரவியபின் விளைச்சல் பன்மடங்காயிற்று. அதற்கேற்பப் பறிப்புச் சுற்றுகளும் கூடின. 2018 ஆகஸ்டு வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடிகள் அழிந்து வரத்து குறைந்தபோது, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போனது. பேராசையில் எங்கும் நட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. எண்பதுகளில் குவாத்தமாலா உலகச் சந்தையில் நம்மை முந்திய காலத்திலிருந்தே இந்த ஏற்ற இறக்கம் உண்டு. விலை ஏழாயிரமாக இருந்தபோது கூலி ஏழு மடங்கு ஆகவில்லை. விலை விழுந்தபோது வேலைநாட்கள் மட்டும் உடனே குறைந்தன.

மாநிலம் விட்டு மாநிலம் சென்று உழைப்போருக்கென 1979இல் ஒரு சட்டம் வந்ததே என்று கேட்கலாம். அது ஒப்பந்தக்காரர் வழியாகத் திரட்டப்பட்டு, ஊரைவிட்டுச் சென்று தங்குவோரை நினைத்து எழுதப்பட்டது. இடப்பெயர்வுப்படி, பயணப்படி, தங்குமிடம் என்று பேசுகிறது. மாலையில் வீடு திரும்புபவரை யாரும் புலம்பெயர்ந்தவர் என்று கருதவில்லை. ஜீப்புக்காரர் ஒப்பந்தக்காரரா, ஓட்டுநரா? இரண்டும்தான். ஆள் சேர்ப்பது அவர், கூலி வாங்கித் தருவதும் பல இடங்களில் அவர். எந்தப் பதிவேட்டிலும் அவரும் இல்லை.

இந்தப் பதிவின்மையின் விலை நெருக்கடி வரும்போது தெரியும். 2011 நவம்பர், டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றி எல்லை கொதித்தபோது ஜீப்புகள் நின்றன. மேலே தங்கியிருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு காட்டுப்பாதைகளில் இறங்கின. 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கில் போடிமெட்டு மூடப்பட்டது. புலம்பெயர் தொழிலாளர் பற்றி நாடே பேசிய மாதங்கள் அவை. ஆனால் அவர்கள் ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள். சிலமலைக்காரர்கள் வேலைக்குத் திரும்ப முடியாதவர்கள். சரக்கு லாரிக்கு வழி முதலில் திறந்தது. ஆளுக்கு மின்னணு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. அதற்கு முன்னரே சார்க்கண்டு, அசாம், மத்தியப் பிரதேசத்திலிருந்து குடும்பத்தோடு வந்து தோட்டத்திலேயே தங்கும் தொழிலாளர் பெருகத் தொடங்கியிருந்தனர். ஊரடங்குக்குப் பின் இன்னும் பெருகினர். அவர்களின் கதை வேறு. அதை அவர்கள் மொழிகளில் யாரேனும் எழுத வேண்டும்.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இந்தச் சரிவுகளில் ஏலமூட்டை சுமந்த ஒருவனின் கதை. பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். சுமைக்காரர் காலம் போய் ஜீப்புக்காலம் வந்ததன் வரலாற்றை அந்தப் படம் ஆவணங்களைவிடத் துல்லியமாகச் சொல்கிறது. பழைய நடைபாதைகள் இன்னும் இருக்கின்றன. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்று இப்பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். வந்தால் போடியைச் சுற்றாமல் நேரே ஏறலாம். நாளொன்றுக்குச் சில மணிநேரம் உடம்பு மிச்சம். காடு என்பதால் வனத்துறை இசையவில்லை. காட்டின் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மேற்குமலை இனியும் வெட்டுப்படுவதை விரும்பவில்லை. ஆனால் முகட்டுக்கு இப்பால் இரட்டை மனத்தோடு காக்கப்படும் காடு, அப்பால் ஓர் இலக்கத்தின் ஐயத்தில் இரண்டு லட்சம் ஏக்கர் தோட்டமாகி நிற்பதை எண்ணினால் அந்த நியாயம் சற்றுத் தடுமாறுகிறது.

2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1951, 1979 ஆகிய இரு சட்டங்களையும் தன்னுள் கரைத்துக்கொண்டது. தோட்டத்துக்கு ஐந்து ஹெக்டேர் என்ற அளவு அப்படியே தொடர்கிறது. ஆனால் மாநிலம் கடந்து உழைப்போர் என்பதன் விளக்கம் விரிந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் இன்றித் தாமாகச் சென்று வேலை பெற்றவரும் இனி அதில் அடக்கம். சொல்லுக்குச் சொல் படித்தால் சிலமலைக்காரிக்கும் அங்கே முதன்முறையாக இடம் இருக்கக்கூடும். அதற்கு அவள் ஒரு நிறுவனத்தில் வேலை செய்ததாக அந்த நிறுவனம் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தில் விவசாயக் கூலி என்றே எழுதச் சொன்னேன். 2006ஆம் ஆண்டு வேளாண் தொழிலாளர் நலச்சட்டத்தின்கீழ் அந்தச் சொல்லுக்காவது ஓர் அட்டை உண்டு. பின்னர் சிலமலைக்குச் சென்றபோது மாணவியின் தாயாரைச் சந்தித்தேன். மாலை ஆறரை மணி. அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தார். காலில் உப்பும் சுண்ணாம்பும் தடவிய அட்டைக்கடித் தழும்புகள். இத்தனை ஆண்டுகளில் எந்தெந்தத் தோட்டங்களில் வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"பேரு யாருக்குத் தெரியும் சார். ஜீப்பு எங்க எறக்கி விடுதோ அதான் தோட்டம்."